பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? முற்பணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பையன் தொலைபேசியில் அழைத்தான். கட்டாரில் ஐந்து வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன்.

"மாமா, கார் ஒண்டு பாத்து வச்சிருக்கன். மஸ்டா ஆர்.எக்ஸ்-8. சிவப்பு. மத்த ஆக்கள் கேக்குற விலைய விட பத்து இலட்சம் குறைவு. ரெண்டு இலட்சம் அட்வான்ஸும் குடுத்துட்டன். நாளைக்கு ஜும்ஆவுக்குப் பொறகு ஒருக்கா வந்து பாப்பீங்களா?"

முற்பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பார்ப்பதற்கு ஆள் தேடுகிறான். நம்மில் பலர் வாகனம் வாங்கும் ஒழுங்கு இதுதான். பற்றுச்சீட்டு எழுதி வாங்கினாயா என்று கேட்டேன். "ஆள் நல்ல மனுஷன் மாமா" என்று பதில் வந்தது.

வீட்டுப் பாவனைக்கு வேன் அல்லது சிறிய கார் வாங்குவது பற்றி எழுதுவதே இப்படியான பக்கங்களின் வழக்கம். ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு, வீண் செலவுதானே என்று சில வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வெயிலில் நின்று சேர்த்த பணத்தில் ஓர் ஆசையை நிறைவேற்றுவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பணம் மூன்று மாதத்தில் கராஜில் கரைந்துபோவதுதான் கவலை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் பழைய வாகனங்களை இறக்குவதற்கு வயதெல்லை இருக்கிறது. ஆர்.எக்ஸ்-8 இன் உற்பத்தியோ 2012 இல் நின்றுவிட்டது. ஆகவே இங்கு ஏற்கனவே பதிவான வாகனங்கள்தான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நான்காவது, ஐந்தாவது உரிமையாளரிடம் இருந்துதான் நீங்கள் வாங்குவீர்கள். முதல் உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்பதை உங்களுக்குச் சொல்ல ஆளிருக்காது. எஞ்சின்தான் சொல்ல வேண்டும்.

விலை ஏன் குறைவு?

பார்வைக்கு இவ்வளவு அழகான, நான்கு பேர் அமரக்கூடிய, 250 குதிரைவலு வரை தரும் ஒரு ஜப்பான் கார், அதே காலத்து மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களைவிட மலிவாக ஏன் விற்கப்படுகிறது? விற்பவர் வெளிநாடு போகிறார், அவசரத்துக்குக் காசு தேவை என்றெல்லாம் சொல்வார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் பொனட்டுக்குக் கீழே இருக்கிறது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ஆர்.எக்ஸ்-8 இல் இருப்பது ரோட்டரி எஞ்சின். அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண வடிவான ரோட்டர் ஒன்று, நடுவில் சற்று ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழலும். இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியரான பீலிக்ஸ் வாங்கல். ஜெர்மனியின் என்.எஸ்.யூ. கம்பனி 1964 இல் இந்த எஞ்சினுடன் கார் விற்கத் தொடங்கியது. மஸ்டா 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் கைவிட்ட பிறகும் மஸ்டா விடவில்லை. 1991 இல் பிரான்ஸின் லு மான் 24 மணித்தியால ஓட்டப் போட்டியை ரோட்டரி எஞ்சின் பூட்டிய 787பி காரால் வென்றது. ஆர்.எக்ஸ்-8 இல் உள்ள ரெனசிஸ் எஞ்சினில் இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சீ.சீ., மொத்தம் 1308 சீ.சீ. இந்தச் சிறிய எஞ்சின், ஆறு கியர் மெனுவல் வாகனத்தில் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். ஓட்டுகிறவனுக்குப் பைத்தியம் பிடிப்பதில் வியப்பில்லை.

பலவீனம் எங்கே என்றால், முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய உலோகத் தகடுகளில். பிஸ்டனுக்கு ரிங் எப்படியோ, ரோட்டருக்கு இந்த சீல் அப்படி. இவை கூட்டின் சுவரோடு எந்நேரமும் உரசிக்கொண்டே ஓடும். தேயத் தேய எரியும் வாயு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கசியும், கொம்ப்ரஷன் குறையும், பிறகு எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுக்கும், பெற்றோலைக் குடிக்கும், இழுவை போய்விடும். இதற்கு மேலோட்டமான திருத்தம் கிடையாது. எஞ்சினைக் கீழே இறக்கி, முழுதாகப் பிரித்து ஓவர்ஹோல் செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான வாகனங்களுக்கு மஸ்டா கம்பனியே எஞ்சின் உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நமக்கு அப்படி உத்தரவாதம் தர எவரும் இல்லை.

எனவே மலிவான விலை விற்பவரின் தயவு அல்ல. எஞ்சின் ஓவர்ஹோலுக்கான செலவைச் சந்தை முன்கூட்டியே கழித்துவிட்டது, அவ்வளவுதான். அந்தச் செலவு உங்களுக்கு நாளை வருமா, ஐந்து வருடம் கழித்து வருமா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பரிசோதனையின் முழு நோக்கமும்.

குளிர்ந்த எஞ்சின், சூடான எஞ்சின்

வெள்ளிக்கிழமை போனோம். கார் வாசலில் கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. பையன் நேராகச் சாரதி ஆசனத்துக்குப் போனான். நான் பொனட்டில் கையை வைத்தேன். சுட்டது. வெயிலில் நின்ற வாகனம் சுடத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்கலாம்; அது மர நிழலில் நின்றது. நாங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். "கொஞ்சம் சூடாக்கி வச்சா ஓட்டிப் பாக்க லேசு" என்றார் உரிமையாளர். நல்ல மனுஷன்தான், ஆனால் நாங்கள் ஓட்டவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வருகிறோம், அதுவரை சாவியைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

எந்தப் பாவித்த வாகனத்துக்கும் இது பொருந்தும். ரோட்டரிக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சின் சாவியைத் திருப்பியதும் ஓரிரண்டு வினாடியில் பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் சற்று உயர்ந்த சுற்றில் ஓடி, சூடேறிய பின் 800 சுற்று அளவில் ஆடாமல் நிற்க வேண்டும். பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில வினாடிகளில் லேசான புகை வந்து மறைந்தால் பயப்பட வேண்டாம். தொடர்ந்து வெள்ளைப் புகை வந்து, அதில் இனிப்பு வாசம் அடித்தால், கூலன்ட் எஞ்சினுக்குள் கசிகிறது என்று பொருள். அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்த ரோட்டரி எஞ்சினை உடனே நிறுத்திவிடக் கூடாது. கேட்டைத் திறப்பதற்காகக் காரைப் பத்தடி நகர்த்திவிட்டு நிறுத்துவது நம் வீடுகளில் சாதாரண விடயம். ஆர்.எக்ஸ்-8 இல் அப்படிச் செய்தால் எரியாத பெற்றோல் உள்ளே தேங்கி, பிளக் நனைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். எஞ்சின் பழுது என்று பதறத் தேவையில்லை. எக்சலேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் பெற்றோல் பாய்வது நிற்கும், உள்ளே தேங்கியது வெளியேறும். ஆனால் பார்க்க வந்த இடத்தில் நீங்களே இந்தத் தொல்லையை உண்டாக்கிவிடாதீர்கள்.

சனிக்கிழமை காலை அந்தச் சிவப்புக் கார் குளிரில் ஒழுங்காகவே ஸ்டார்ட் ஆனது. பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அரை மணித்தியாலம் ஓட்டினோம். இழுவை பரவாயில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு தேநீர்க் கடை அருகே நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. மூன்றாவது முறையில்தான் பிடித்தது.

தேய்ந்த சீல் உள்ள ரோட்டரி எஞ்சின் தன்னைக் காட்டிக்கொடுப்பது இந்த நேரத்தில்தான். நன்றாகச் சூடேறிய எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சேர்ந்து வந்திருந்த உரிமையாளர், "இந்த எஞ்சின் இப்படித்தான், பெட்டரி கொஞ்சம் வீக்" என்றார். நல்ல ரோட்டரி எஞ்சின் அப்படி அல்ல. சூட்டிலும் உடனே பிடிக்கும்.

ஒரு தந்திரத்தையும் தெரிந்து வைத்திருங்கள். வேகமாகச் சுழலும் ஸ்டார்ட்டர் மோட்டரும் புதிய பெட்டரியும் பூட்டினால் கொம்ப்ரஷன் குறைந்த எஞ்சினும் சில காலம் சூட்டில் ஸ்டார்ட் ஆகும். பழைய காரில் ஸ்டார்ட்டர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ஆகவே சூடான ஸ்டார்ட்டில் தேறிவிட்டது என்பதற்காக அடுத்த பரிசோதனையை விட்டுவிட வேண்டாம்.

ஆறு இலக்கங்கள்

கொம்ப்ரஷன் டெஸ்ட் என்றால் நம் கராஜ்களில் எல்லோருக்கும் தெரியும். பிளக்கைக் கழற்றி கேஜைப் பூட்டி ஸ்டார்ட்டரைச் சுழற்றுவார்கள். ரோட்டரிக்கு அந்தச் சாதாரண கேஜ் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று பக்கங்கள். ஒரே பிளக் துவாரத்தின் முன்னால் மூன்று அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். சாதாரண கேஜ் அதில் மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். மூன்றில் ஒரு சீல் உடைந்திருந்தாலும் மற்ற அறையின் நல்ல இலக்கத்தைப் பார்த்து நீங்கள் ஏமாறுவீர்கள். மூன்று அறைகளையும் தனித்தனியாக அளக்கும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு இலக்கங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

மஸ்டாவின் சேர்விஸ் அளவுகள் இவை: நிமிடத்துக்கு 250 சுற்றில் ஓர் அறையின் நியம அழுத்தம் 830 கிலோபாஸ்கல். ஆகக் குறைந்தது 680 கிலோபாஸ்கல். ஒரே ரோட்டரின் அறைகளுக்கிடையே வித்தியாசம் 150 ஐ மீறக் கூடாது. இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100 ஐ மீறக் கூடாது. இந்த நான்கு இலக்கங்களையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

அளக்கும்போது ஸ்டார்ட்டர் எத்தனை சுற்றில் சுழன்றது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். வேகமாகச் சுழன்றால் இலக்கம் கூடும், பெட்டரி பலவீனமானால் குறையும். 250 சுற்றுக்குத் திருத்திக் கணக்கிட்ட இலக்கம்தான் பெறுமதியானது. எஞ்சின் சூடான நிலையில் அளக்க வேண்டும் என்பதும் முக்கியம். "ஒம்பது கிலோ இருக்கு" என்று வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். ஆறு இலக்கங்களும், சுழற்சி வேகமும், திகதியும், சாசி இலக்கமும் எழுதிய தாள் வேண்டும். விற்பவர் தன்னிடம் பழைய அறிக்கை இருப்பதாகக் காட்டினால் அதன் திகதியைப் பாருங்கள்.

ரோட்டரி டெஸ்டர் எல்லா ஊரிலும் இருக்காது. அது கிடைக்கும் வரை ஒரு முதற்கட்டப் பரிசோதனை செய்யலாம். தீப்பொறியையும் எரிபொருளையும் துண்டித்துவிட்டு, ஒரு ரோட்டரின் பிளக் ஒன்றைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது காதை வைத்துக் கேட்பது. புஸ், புஸ், புஸ் என்று ஒரே பலத்தில், ஒரே இடைவெளியில் காற்று வர வேண்டும். இரண்டு பலமாகவும் ஒன்று மெலிந்தும் கேட்டால் அந்த ரோட்டரில் ஒரு சீல் போய்விட்டது. இதைத் தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். காரை வாங்குவதற்கு முன்பே அப்படி ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து எட்டக்கூடிய தூரத்தில் ரோட்டரி தெரிந்த ஒருவரும் இல்லை என்றால், கார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு அது சரிவராது.

சிவப்புக் காருக்கு வந்த இலக்கங்கள்: முன் ரோட்டர் 710, 700, 720. பின் ரோட்டர் 660, 490, 640. முன்னது தேறியது. பின்னதில் மூன்றும் எல்லைக்குக் கீழே, அதிலும் ஓர் அறை மற்றவற்றை விட 170 வரை குறைவு. மெக்கானிக் தாளை நீட்டினார். பையன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மற்ற இடங்கள்

எஞ்சின் தேறினால் மட்டுமே மற்றவற்றைப் பார்ப்பதில் பயனுண்டு. முதலில் ஒயில். இந்த எஞ்சின் ஒயிலைக் குடிக்கும், அது பழுதல்ல. சீல்களை வழுவழுப்பாக வைத்திருக்கச் சிறிய பம்ப் ஒன்று எஞ்சின் ஒயிலையே உள்ளே செலுத்தி எரியவிடுகிறது. இரண்டு முறை பெற்றோல் அடித்தால் ஒரு முறை ஒயில் அளவைப் பார்க்க வேண்டும். விற்பவரிடம், "ஒயில் எவ்வளவு குறையும்?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். "ஒரு சொட்டும் குறையாது" என்று பெருமையாகச் சொன்னால், அவர் பார்ப்பதே இல்லை, அல்லது அந்தப் பம்ப் வேலை செய்யவில்லை. இரண்டுமே கெட்ட செய்தி. ஒயில் ஊற்றும் மூடியின் கீழே பால் போல வெள்ளை படிந்திருப்பதைக் கண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குறுந்தூரம் ஓடும் ஆர்.எக்ஸ்-8 களில் ஈரம் உறைந்து அப்படி வருவதுண்டு. டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால்தான் ஆபத்து.

அடுத்தது சூடு. டேஷ்போர்டில் உள்ள சூட்டு மானியை நம்ப வேண்டாம். சாதாரண சூட்டிலும், கூடிய சூட்டிலும் முள் நடுவிலேயே நிற்கும். அது நகரும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். டயக்னோஸ்டிக் ஸ்கேனர் ஒன்றைப் பூட்டி உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள். காலி வீதி நெரிசலில் ஏ.சி. போட்டு இருபது நிமிடம் ஊர்ந்து பார்ப்பது நல்ல சோதனை. ரேடியேட்டர் விசிறிகள் இரண்டும் ஓடுகின்றனவா, கூலன்ட் தாங்கியில் குமிழி வருகிறதா என்றும் கவனியுங்கள்.

பிளக் நான்கு, கொயில் நான்கு. இந்த வாகனத்தில் கொயில்கள் சீக்கிரம் பலவீனமாகும். கொயில் சரியாகத் தீப்பொறி தராவிட்டால் எரியாத பெற்றோல் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுக்கும். கொன்வேர்ட்டர் அடைபட்டால் எஞ்சின் சூடேறிச் சீல்களும் போகும். ஒரு கொயிலில் தொடங்கும் சங்கிலி இது. கடைசியாகக் கொயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். கொன்வேர்ட்டரையே கழற்றி வீசியவர்களும் உண்டு. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கையில் இருந்தாலும், கீழே குனிந்து அது இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மெனுவல் என்றால் கிளச் பெடலை மெதுவாக மிதித்துக் கேளுங்கள். கிரீச் என்று சத்தம் வந்தால் பெடலைத் தாங்கும் பிரக்கெட் வெடித்திருக்கலாம், ஆர்.எக்ஸ்-8 இல் தெரிந்த நோய் அது. ஓட்டோ கியர் வாகனங்களில் எஞ்சின் வலு குறைவு, 9,000 சுற்றும் கிடையாது. மெனுவலின் விலையைச் சொல்லி ஓட்டோவை விற்கப் பார்ப்பார்கள்.

டிங்கர் வேலை பார்ப்பதற்குக் காந்தம் கொண்டுபோகும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. இந்தக் காரில் பொனட்டும் பின் கதவுகளும் அலுமினியம். காந்தம் ஒட்டாது. அதைப் பார்த்து, புட்டி பூசிய கார் என்று ஒரு நல்ல வாகனத்தைத் தள்ளிவிட்டவரை எனக்குத் தெரியும். கதவு இடைவெளிகளைப் பாருங்கள். முன் கதவு முன்னோக்கியும் பின் கதவு பின்னோக்கியும் திறக்கும். நடுவில் தூண் இல்லை. பக்கவாட்டில் அடிபட்ட வாகனத்தில் இந்த இரண்டு கதவுகளும் ஒரே கோட்டில் மூடுவது அரிது. கடலோர ஊரில் நின்ற வாகனமென்றால் பின் சக்கர வளைவுகளிலும் கீழ்ப் படிகளிலும் துருவைத் தேடுங்கள். தகாட்டா எயார்பேக் திருப்பியழைப்பில் ஆர்.எக்ஸ்-8 களும் அடங்கும். அந்த எயார்பேக் மாற்றப்பட்டதா என்பதைச் சாசி இலக்கத்தைக் கொடுத்து மஸ்டா முகவரிடம் விசாரியுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விடயம், வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

பெற்றோல் கணக்கையும் போட்டுவிடுங்கள். நகர ஓட்டத்தில் லீற்றருக்கு 6, 7 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 கிலோமீற்றருக்கு 150 லீற்றர் அளவில் போகும். அதுவும் 95 ஒக்டேன். அன்றைய விலையால் பெருக்கி, வீட்டாரிடம் காட்டுங்கள்.

பதிவுப் புத்தகம்

எஞ்சின் போன ஆர்.எக்ஸ்-8 களுக்கு வேறு வாகனத்தின் பிஸ்டன் எஞ்சினைப் பூட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. ஓட்டத்துக்குச் சில வேளை அது நல்லதாகவே இருக்கும். ஆனால் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் வாகனத்தில் இருப்பதோடு பொருந்தாவிட்டால், பெயர் மாற்றத்திலும் காப்புறுதியிலும் நீங்கள்தான் அலைய வேண்டிவரும். அதே ரோட்டரி எஞ்சின்தான், ஆனால் வேறு காரிலிருந்து வந்தது என்றாலும் இலக்கம் மாறியிருக்கும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றம் பதியப்பட்டிருக்க வேண்டும். சாசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் உங்கள் கண்ணால் வாசித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்; புகைப்படத்தை ஒப்பிட வேண்டாம்.

சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முழுமையாகத் தீர்ந்ததற்கான கடிதம் வரும்வரை விற்பவருக்கு விற்கும் உரிமையே முழுமையாக இல்லை. பலர் செய்யும் இன்னொரு வேலை ஓப்பன் பேப்பர்: பெயர் மாற்றாமல், முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வாகனத்தைக் கைமாற்றுவது. நான்கு கை மாறிய பிறகு அந்த முதல் மனிதர் காலமாகியிருந்தால், அல்லது அடையாள அட்டைப் பிரதி தர மறுத்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார் சட்டப்படி வேறொருவருடையது. விற்பவரின் அடையாள அட்டையும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

விலையை எப்படிப் பேசுவது?

இதற்கு ஓர் எளிய வழி. கார் பார்க்கப் போகும் முன்பே ரோட்டரி தெரிந்த கராஜில் எஞ்சின் ஓவர்ஹோலுக்கு எழுத்தில் விலை கேளுங்கள்: சீல், ஹவுசிங், கூலி, எல்லாம் சேர்த்து. கழற்றிப் பார்த்தால்தான் ஹவுசிங் பாவிக்க முடியுமா என்று தெரியும் என்பார்கள். அது நியாயமான பேச்சு; ஆகவே கூடிய தொகையையே எடுங்கள். உதாரணத்துக்கு அது 14 இலட்சம் என்று வையுங்கள். ஆறு இலக்கங்களும் நல்லதாக உள்ள காரின் விலை 60 இலட்சம் என்றால், இலக்கம் தேறாத கார் உங்களுக்கு 46 இலட்சத்துக்கும் கீழேதான் பெறுமதி. கீழே என்று சொல்வது, கராஜில் நிற்கும் மாதங்களுக்கும், ஜப்பானிலிருந்து சாமான் வரும்வரை காத்திருக்கும் தொல்லைக்கும் ஏதாவது கழிக்க வேண்டும் என்பதற்காக. பரிசோதனைக்கு விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், இலக்கம் தேறாத கார் என்றே கணக்குப் போடுங்கள்.

முற்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சிறு தொகையாகக் கொடுத்து, "கொம்ப்ரஷன் அறிக்கை மஸ்டா எல்லைக்குள் இல்லாவிட்டால் முழுதாகத் திருப்பித் தரப்படும்" என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு வரிதான்.

நம் பையனிடம் அந்த ஒரு வரி இருக்கவில்லை. உரிமையாளர் முதலில் மூன்று இலட்சம் குறைக்கிறேன் என்றார், பிறகு ஆறு என்றார். கராஜ் சொன்ன கணக்கோ அதற்கு மேலே போயிற்று. வேண்டாம் என்றதும் முற்பணப் பேச்சு வந்தது. இரண்டு தடவை வீட்டுக்குப் போய், மூன்றாவது தடவை பையனின் வாப்பாவையும் கூட்டிப்போய்ப் பேசிய பிறகு ஒன்றரை இலட்சம் திரும்பி வந்தது. ஐம்பதாயிரம் போனது போனதுதான்.

இரண்டு மாதம் கழித்துக் குருநாகல் பக்கம் ஒரு வெள்ளி நிறக் கார் கிடைத்தது. ஆறு கியர் மெனுவல். சிவப்புக் காரை விட ஒன்பது இலட்சம் கூட. உரிமையாளர் நாங்கள் கேட்கும் முன்பே ஒரு பைலை எடுத்துக் காட்டினார்: கொயில் மாற்றிய பில், ஒயில் மாற்றிய திகதிகள், மூன்று வருடத்துக்கு முந்திய கொம்ப்ரஷன் அறிக்கை. புதிதாக அளந்தோம், ஆறும் 760 க்கும் 800 க்கும் இடையில். பெயர் மாற்றத்துக்குப் பணத்தோடும் பத்திரங்களோடும் இருவரும் ஒன்றாகவே நாரஹேன்பிட்டிக்குப் போனார்கள்.

டிக்கியில் ஒரு கலன் ஒயில் எப்போதும் கிடக்கிறது. ஆசனம் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, ஏறி இறங்க இடுப்பு வலிக்கிறது என்று அவன் உம்மா மட்டும் இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறார். அதற்கு எந்தக் கராஜிலும் திருத்தம் இல்லை.